ரைஸ் லேக் போன ட்ரெயிலர் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மே மாதக் கடைசி ஞாயிறன்று எங்களிடம் வாடகைக்கு எடுத்த படகு ட்ரெயிலர் ஒன்று, ரைஸ் லேக் ஏரிக்குப் போகும் வழியில் காரை விட்டுக் கழன்ற கதை ஸ்காபரோவில் பலருடைய காதுக்கும் எட்டியிருக்கிறது. யாருக்கும் காயமில்லை, படகுக்கும் சேதமில்லை. ஆனால் “தேய்ந்த கப்ளரைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்ற பேச்சு என்னை உறங்க விடவில்லை. கப்ளர் என்பது காரின் பின்னால் உள்ள இரும்புப் பந்தைக் கவ்வும், ட்ரெயிலரின் முன்நுனிப் பூட்டு. அந்தக் கப்ளர் இந்த வசந்தத்தில் புதிதாகப் பூட்டியது. கழற்றிப் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.

எங்கள் கப்ளர் 2 அங்குலப் பந்துக்கானது. அந்தக் காரில் இருந்ததோ 1⅞ அங்குலப் பந்து. வித்தியாசம் அரைக்கால் அங்குலம், 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். கப்ளர் பந்தின் மேல் உட்காரும், அதன் நெம்புகோல் மடியும், பூட்டு ஊசியும் உள்ளே போகும். எல்லாம் சரியாகவே தெரியும். சமமான வீதியில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மேடு பள்ளத்தில் ட்ரெயிலரின் மூக்கு, அதாவது முன்நுனி, துள்ளும்போது கப்ளர் சின்னப் பந்தை விட்டு மேலே எழும்பிவிடும். அன்று நடந்தது அதுதான், தேய்மானம் அல்ல. பந்தின் அளவு பெரும்பாலும் அதன் உச்சியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கிறீஸும் துருவும் மூடியிருந்தால் துடைத்துத்தான் பார்க்க வேண்டும். அன்று காலை வரிசை நீண்டிருந்ததில் நாங்களும் துடைத்துப் பார்க்கவில்லை.

காப்பாற்றியது சங்கிலி. ட்ரெயிலருக்கு இரண்டு தனித்தனிப் பிணைப்புகள் வேண்டும் என்கிறது ஒன்ராறியோச் சட்டம். நாங்கள் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக, பெருக்கல் குறி போல மாட்டிக் கொடுக்கிறோம். கழன்ற மூக்கு தார் வீதியில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழுந்தது. இதை யாரும் சொல்லித் திரிவதாகத் தெரியவில்லை.

பூட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். ட்ரெயிலர் மூக்கிலுள்ள ஜாக்கின் கைப்பிடியைச் சுழற்றி மூக்கை மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். பந்து பொருந்தாவிட்டால் பெரும்பாலும் அங்கேயே கழன்று காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு அதைவிடப் பயம் கழற்றும் நேரம்தான். மீன் பிடித்துக் களைத்து, இருட்டில் வீடு திரும்பி, சரிவான வாசலில் நின்று கழற்றுகிறோம். இரண்டு சக்கரங்களுக்கும் கட்டை வைக்காமல் நெம்புகோலைத் தொடாதீர்கள். என்ஜின் படகின் பின்னால் தொங்குகிறது. படகு கொஞ்சம் பின்னே சரிந்திருந்தாலும் மூக்கு மேலே பாய்ந்து தாடையில் அடிக்கும். கப்ளருக்கு அடியில் விரலை விடாதீர்கள். கார் பின்னுக்கு வரும்போது பிள்ளைகளை நடுவில் நிற்க விடாதீர்கள். வழிகாட்டுபவர் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும்.

எங்கள் வாசலில், காரின் பின்னால் பந்து பூட்டியிருக்கும் ஒவ்வொரு ஹிட்சையும் கையால் தடவிப் பார்த்து அனுப்பிய ஐயா சித்திரையோடு ஓய்வு பெற்றுவிட்டார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவருடைய இடத்தை எங்களால் இன்னும் நிரப்ப முடியவில்லை. இனி நானே வாசலில் நிற்பேன். பந்து பொருந்தாவிட்டால் எங்களிடமுள்ள பந்தை இரவலாகப் பூட்டித் தருவோம். அதுவும் உங்கள் ஹிட்சுக்கு ஒத்துவராவிட்டால் ட்ரெயிலரைத் தரமாட்டோம், முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஜூலை 1 முதல் வாடகையில் 15 டாலர் கூடும்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகும், “அண்ணா, எங்கள் படகு உங்களிடம்தான்” என்று அழைத்த ஒவ்வொருவருக்கும் மனம் நிறைந்த நன்றி. அன்று அந்த ட்ரெயிலரை எடுத்த தம்பிக்கும் நன்றி. கோபத்தோடு வந்தவர், கப்ளரையும் பந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமைக்கு மறுபடியும் பதிந்துவிட்டுத்தான் போனார்.

ஞாயிறுகளில் இனிக் காலை 5 மணிக்கே திறப்போம். பந்தைத் துடைக்க ஒரு பழந்துணி கொண்டு வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்,
ஸ்காபரோ