எலியைத் தலைப்பில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ‘கால் மரத்துப்போகிறதா? கவலையை விடுங்கள், வந்துவிட்டது மூலிகை மருந்து’ என்று அரைப்பக்கத் தலைப்பு. அதைச் சாப்பிட்டவை எலிகள் என்பது மட்டும் கடைசிப் பத்தியில், சூரண விளம்பரத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் 19 வருடமாகச் சர்க்கரைக்காரன். எலி அல்ல என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு தயிர் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலில் என் மனைவி, “இன்னொரு செருப்பு எங்கே?” என்றாள். குனிந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு. எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. குதிகாலில் மூன்று நெருஞ்சி முள். அவள் ஊக்கால் அதைக் கெல்லி எடுக்கும்போது நான் சாவகாசமாக உங்கள் பத்திரிகைதான் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் முள் தைப்பது தெரியாத அதே காலில், ராத்திரி போர்வை பட்டால் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரியும். இப்படிப்பட்ட ஆளுக்கு உங்கள் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பி மகள் எம்.ஃபார்ம் படிக்கிறாள். கேட்டேன். “பெரியப்பா, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டா எலிக்கு ரெண்டு மூணு நாள்ல சுகர் வந்துடும். அப்புறம் சில வாரம் இலைச்சாறு கொடுத்து, 55 டிகிரி சூட்டுத் தட்டில் விடுவோம். எத்தனை செகண்டில் பாதத்தை நக்குதுன்னு பார்ப்போம்” என்றாள். தப்பான வேலை இல்லை, அங்கேதான் தொடங்க முடியும். ஆனால் மூன்று நாளில் வந்த சர்க்கரையும் 19 வருடச் சர்க்கரையும் ஒன்றா? எலிக்குக் கொடுப்பது பல ஆய்வுகளில் கிலோவுக்கு 400 மில்லிகிராம். எலியின் அளவை மனித அளவுக்கு மாற்ற வழக்கம்போல் ஆறால் வகுத்தாலும், 70 கிலோ உள்ள எனக்குத் தினம் நாலரை கிராமுக்கு மேல் வருகிறது. அதுவும் பச்சை இலை அல்ல, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து வற்றவைத்த சாறு. என் கிட்னி அதைத் தாங்குமா என்று எந்த எலி வந்து சொல்லும்?

மூலிகை மேல் எனக்குப் பகை இல்லை. கொல்லையில் சிறுகுறிஞ்சான் இருக்கிறது. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மணல்தான். நான் விழுங்கும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினுக்கே மூலம் ஐரோப்பாவில் ஒரு செடி என்பது தாங்கள் அறியாததல்ல. மிளகாயின் காரச்சத்தை 8 சதவீதம் சேர்த்து, தோலில் ஒட்டும் பட்டையை, சர்க்கரை நோயால் வரும் கால்வலிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மனிதர்களிடம் சோதித்த பிறகு!

மூன்று வருடம் முன்பு இதே பக்கத்தில் நாவல் கொட்டைப் புராணம் வந்தது. என் அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே விளம்பரம் வந்த பொடிக்குப் பணம் அனுப்பினார். அஞ்சாவது மாதம் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். அப்போதும் எழுதினேன். அதையெல்லாம் வெட்டிவிட்டு, குறுக்கெழுத்து நன்றாயிருப்பதாக நான் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே சட்டம் இருப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரக்கும். இதை என் டாக்டர் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஊசி போட்டார், மதமதப்பு கொஞ்சம் குறைந்தது. இதற்கு உங்கள் பக்கத்தில் நாலு வரி இடம் கிடைத்ததில்லை. ராசிபலனுக்கு முழுப்பக்கம் உண்டு.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை ‘எலி’ என்ற இரண்டு எழுத்தைத் தலைப்பிலேயே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ‘கவலையை விடுங்கள்’ என்பதை எடுத்துவிடலாம்.

இந்த மாதச் சந்தாவும் கட்டியாயிற்று.

இப்படிக்கு,
28 வருட வாசகர், கும்பகோணம்