வீடியோ கால்ல எழுதின சில மருந்துக்கு மட்டும் "ஒரு தடவ நேர்ல போய் டாக்டர பாத்துடுங்க"ன்னு ஏன் சொல்றோம்

எல்லாருக்கும் வணக்கம்,

கொஞ்ச நாளாவே நம்ம ஃபார்மசி கவுண்டர்லயும் ஃபோன்லயும் இதே கேள்விதான் வந்துட்டு இருக்கு. "டாக்டர் வீடியோல பாத்து எழுதிட்டாரு, இன்ஷூரன்ஸும் ஓகே சொல்லிடுச்சு, நீங்க மட்டும் எதுக்கு அவங்க ஆஃபிஸுக்கு கால் பண்ணி நோண்டிட்டு இருக்கீங்க"ன்னு. கோவமாவே கேட்டவங்களும் உண்டு, அவங்கள தப்பு சொல்லல, மருந்து தீரப்போற நேரத்துல யாருக்குத்தான் பொறுமை இருக்கும். ஆனா கவுண்டர்ல நின்னு முழுசா விளக்க முடியல, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, அடுத்தவங்க காதுல விழற மாதிரி உங்க மருந்த பத்தி நாங்க பேசவும் கூடாது. அதான் இந்த மடல்.

முதல்ல ஒண்ணு. சுகர், பிரஷர், தைராய்டு, கொலஸ்ட்ரால், ஆன்டிபயாடிக், ஏன், டிப்ரஷனுக்கு குடுக்கற செர்ட்ராலின் மாதிரி மருந்துக்கு கூட இந்த கதை எதுவும் கிடையாது. இவங்க இதோட படிக்கறத நிறுத்திட்டு வேற வேலய பாக்கலாம்.

விஷயமே கன்ட்ரோல்டு மருந்த பத்திதான், அதாவது பழக்கமாயிடும், தப்பா பயன்படும்னு டிஇஏ (அமெரிக்க அரசோட போதை மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) ஸ்கெட்யூல்னு நம்பர் போட்டு தனியா லிஸ்ட் வச்சிருக்கற மருந்துங்க, நம்பர் குறைய குறைய கட்டுப்பாடு ஜாஸ்தி. ஏடிஹெச்டிக்கு (கவனம் நிக்காம அலைபாயற பிரச்சனை) எடுக்கற ஆடரால், ரிட்டாலின், வலிக்கு குடுக்கற ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் எல்லாம் ஸ்கெட்யூல் 2, இதுக்கு ரீஃபில்லே கிடையாது, ஒவ்வொரு தடவையும் புது பிரிஸ்கிரிப்ஷன். டெஸ்டோஸ்டிரோன் ஸ்கெட்யூல் 3. ஸானாக்ஸ், க்ளோனசெபாம், தூக்கத்துக்கு ஆம்பியன், அப்புறம் டிரமடால் எல்லாம் 4. நரம்பு வலிக்கு எடுக்கற லிரிகா 5. "லிரிகாவுமா?"ன்னு நிறைய பேர் ஆச்சரியப்படறாங்க, ஆமாங்க அதுவும்தான்.

இந்த "நேர்ல பாக்கணும்"ங்கறது எங்க கண்டுபிடிப்பு இல்ல. சான் டியாகோ பக்கம் ரயன் ஹெய்ட்னு 18 வயசு பையன், இன்டர்நெட்ல ஆர்டர் பண்ணி வாங்கின விக்கோடின்ங்கற வலி மாத்திரைய எடுத்து 2001ல இறந்துட்டான், எழுதிக் குடுத்த டாக்டர் அவன ஒரு தடவ கூட நேர்ல பாத்ததில்ல. அவங்க அம்மா விடாம போராடினாங்க, 2008ல அவன் பேர்லயே ஃபெடரல் சட்டம், அதாவது அமெரிக்கா முழுக்க செல்லற சட்டம், வந்துச்சு. இன்டர்நெட் வழியா கன்ட்ரோல்டு மருந்து எழுதணும்னா அந்த டாக்டர் பேஷன்ட்ட குறைஞ்சது ஒரு தடவையாவது நேர்ல பரிசோதிச்சிருக்கணும், சில விதிவிலக்கு தவிர. "குறைஞ்சது ஒரு தடவ"ங்கறத கவனிங்க, மாசா மாசம் போகணும்னு ஃபெடரல் சட்டம் சொல்லல, ஒரு தடவ பாத்துட்டா அதே டாக்டர் அப்புறம் வீடியோலயே எழுதிட்டு இருக்கலாம். இத தெரியாமத்தான் பாதி பேர் டென்ஷன் ஆகறாங்க.

அப்போ இத்தன வருஷம் எப்படி நேர்ல போகாமலே கிடைச்சுதுன்னா, கோவிட். 2020 மார்ச்ல அவசர நிலைய காரணமா வச்சு அந்த நிபந்தனைய தள்ளி வச்சாங்க. 2023 மே மாசம் அவசர நிலை முடிஞ்சுது, ஆனா சலுகைய முதல்ல 2023 நவம்பர் வரைக்கும், அப்புறம் 2024 கடைசி, 2025 கடைசின்னு நீட்டிட்டே வந்தாங்க, இப்போ நாலாவது தடவையா 2026 டிசம்பர் 31 வரைக்கும். நடுவுல 2023ல புது ரூல் கொண்டு வரப் பாத்தாங்க, 38,000க்கு மேல கருத்து வந்து குவிஞ்சுது, அத அப்படியே நிறுத்திட்டு யோசிக்கப் போனவங்கதான். 2025 ஜனவரில ஸ்பெஷல் ரிஜிஸ்ட்ரேஷன்னு, டாக்டருங்க தனியா பதிவு பண்ணிட்டு நேர்ல பாக்காமலே எழுதற மாதிரி ஒரு திட்டத்த முன்மொழிஞ்சாங்க. எங்கள கேட்டா, வருஷக் கடைசில வந்து வந்து நீட்டறதுக்கு ஒரு நிரந்தர ரூல போட்டு தொலைச்சா டாக்டருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

சரி, சலுகைதான் இருக்கே, அப்புறம் ஏன் இப்பவே போகச் சொல்றோம்? ஒண்ணு, ஃபெடரல் சலுகை இருந்தாலும் ஸ்டேட் சட்டம் தனி, சில ஸ்டேட்ல சில மருந்துக்கு கண்டிஷன் இன்னும் கடுமை. இதுல டாக்டர் எங்க உக்காந்திருக்காருங்கறத விட கால் நடக்கறப்போ நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்கங்கறது முக்கியம், டாக்டருக்கு அந்த ஸ்டேட்ல எழுத அனுமதி இருக்கணும், அதனால பொண்ணு வீட்டுக்கு வேற ஸ்டேட் போயிருக்கும்போது கால் போட்டா அத டாக்டர் கிட்ட மறக்காம சொல்லிடுங்க. ரெண்டாவது, ஃபெடரல் விதிப்படி கன்ட்ரோல்டு மருந்து சரியான மருத்துவ காரணத்துக்குத்தான் எழுதியிருக்கான்னு பாக்கற பொறுப்பு டாக்டரோட முடியல, மருந்து குடுக்கற ஃபார்மசிஸ்டுக்கும் இருக்கு. டாக்டர் எழுதிட்டாரு நான் குடுத்துட்டேன்னு நாங்க கைய கழுவ முடியாது, லைசென்ஸ் போயிடும். அதான் கன்ட்ரோல்டு மருந்து யார் எப்போ வாங்கினாங்கன்னு பதிவாகற ஸ்டேட் டேட்டாபேஸ்ல பாக்கறோம், டாக்டர் ஆஃபிஸுக்கு கால் பண்றோம், டயக்னோசிஸ் கேக்கறோம். உங்க மேல சந்தேகம்னு எடுத்துக்காதீங்க, பத்து வருஷமா வர்றவங்களுக்கும் இதேதான் பண்றோம். மூணாவதுதான் பெரிய தலைவலி. சலுகை முடியப்போற டிசம்பர்ல எல்லாரும் ஒண்ணா அப்பாயின்ட்மென்டுக்கு ஓடுவாங்க, புது பேஷன்ட்டுன்னா சைக்கியாட்ரிஸ்ட் கிடைக்க மாசக்கணக்காகும், மறுபடி நீட்டுவாங்கன்னு நம்பி உக்காந்திருந்து நீட்டலன்னா மாட்டிக்கறது நீங்கதான்.

அதுலயும் ஸானாக்ஸ், க்ளோனசெபாம் மாதிரி மருந்த ரொம்ப நாளா எடுக்கறவங்க தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க. அத பட்டுனு நிறுத்தினா ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம், டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாத்திரை தீர நாலு நாள் இருக்கும்போது வந்து நின்னா எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டு வாரம் முன்னாடி சொன்னா டாக்டர் கிட்ட பேசி ஏதாவது வழி பாக்கலாம்.

பியூப்ரனார்ஃபின் எடுக்கறவங்களுக்கு மட்டும் தனி ரூல் இருக்கு. ஓபியாய்டு (ஆக்ஸிகோடோன், ஹெராயின் மாதிரி) பழக்கத்துல இருந்து வெளிய வர்றதுக்கு எடுக்கறதா இருந்தா நேர்ல பாக்காமலே, ஃபோன்ல பேசி கூட, முதல் 6 மாசத்துக்கு எழுதலாம். மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி நாங்க உங்க ஐடிய சரி பாக்கணும், அவ்வளவுதான், கைல கொண்டு வாங்க.

வீடியோலயே வைத்தியம் பாக்கற உங்க டெலிஹெல்த் கம்பெனி டாக்டர் வேற எங்கயோ இருக்காரு, நேர்ல பாக்க வழியே இல்லன்னா, பக்கத்துல உங்க ஃபேமிலி டாக்டர் அந்த மருந்த எடுத்து எழுதுவாரான்னு கேட்டுப் பாருங்க, சிலர் ஒத்துப்பாங்க, சிலர் முடியாதும்பாங்க. கம்பெனி கிட்டயே உங்க ஏரியால கிளினிக் இருக்கான்னும் கேளுங்க. நேர்ல பாத்தாச்சுன்னா அந்த தேதிய எங்ககிட்டயும் சொல்லிடுங்க, உங்க ஃபைல்ல குறிச்சு வச்சுக்கறோம், அடுத்த தடவ கால் பண்ற வேலை குறையும். எங்ககிட்ட ஸ்டாக் இல்லன்னா புது பிரிஸ்கிரிப்ஷனுக்கு திரும்ப டாக்டர் கிட்ட ஓட வேண்டாம், எலக்ட்ரானிக்கா வந்து இன்னும் ஒரு தடவ கூட வாங்காதத, ஸ்கெட்யூல் 2வா இருந்தா கூட, ஸ்டேட் சட்டம் தடுக்காத வரைக்கும் நீங்க கேட்டா வேற ஃபார்மசிக்கு ஒரு தடவ மாத்தி விடலாம், 2023ல இருந்து டிஇஏ அனுமதிக்குது.

அப்புறம் ஊர்ல இருந்து கூரியர்ல தூக்க மாத்திரை, அல்பிரசோலம் (ஸானாக்ஸ்ல இருக்கற அதே மருந்து) வரவழைக்கற ஐடியா. போன வாரம் கூட ஒருத்தர் சிரிச்சுட்டே சொன்னாரு. வேண்டாங்க. கன்ட்ரோல்டு மருந்த பார்சல்ல வெளிநாட்டுல இருந்து வரவழைக்கறது சட்டப்படி குத்தம், கஸ்டம்ஸ்ல பிடிச்சா பார்சல் போறதோட நிக்காது.

மேல சொன்னதுல ஏதாவது புரியலன்னா மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா பாத்து வாங்க, ஓரமா உக்காந்து பேசலாம்.

இப்படிக்கு,
உங்க ஃபார்மசி