ஈர மண்ணுக்கு ஓர் எருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கறிவேப்பிலையைக் குளிரிலிருந்து காப்பாற்றச் சொன்ன வழிகள் அருமை. ஆனால் பட்டாம்பூச்சி வருவதற்கு 'பட்டர்ஃப்ளை புஷ்' வையுங்கள் என்ற வரி மட்டும் உறுத்தியது. அது சீனத்துச் செடி. பூவில் தேன் உண்டு, பட்டாம்பூச்சியும் வரும், குடிக்கும், போய்விடும். முட்டையிட வேண்டுமே, அதற்கு எங்கே போகும்? இங்குள்ள மொனார்க் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு மில்க்வீட் வகைச் செடிகளின் இலைதான் சாப்பாடு.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கூரைத் தண்ணீர் இறங்கும் மூலை முழுக்கக் களிமண். ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் சொதசொதவென்று கிடக்கும். தக்காளி அழுகியது, ரோஜா பட்டுப்போனது. கடைசியில் அங்கே 'ஸ்வாம்ப் மில்க்வீட்' வைத்தேன். இந்த நாட்டின் ஓடைக்கரையிலும் சதுப்பிலும் தானாக வளர்கிற செடி. 4, 5 அடி உயரம் போகும். ஜூலையில் உச்சியில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ. கிட்டே போனால் வெனிலா வாசனை. இலையைக் கிள்ளினால் பால் வடியும், காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "இது நம்ம எருக்குடா" என்றார். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஊரில் எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் மொனார்க்கும்கூடப் பங்காளிகள்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்கு ஈர எருக்கு என்றே பெயர்.

முதல் வருடம் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நர்சரியில் வாங்கிய செடி. இலைக்கடியில் குண்டூசித் தலை அளவில் வெளிர்நிற முட்டைகள். நாலைந்து நாளில் புழு வந்தது. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகள் தெளிவாகத் தெரியத் தொடங்கிய நேரத்தில் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. மகள் 9 புழுக்களை எண்ணி வைத்திருந்தாள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடையில் விசாரித்தபோதுதான் செடி வளரும்போதே பூச்சிமருந்து போட்டிருந்தது தெரிந்தது. நியோனிகோட்டினாய்டு வகை மருந்து வேர் வழியாக ஏறி இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் தங்கிவிடும். கழுவினாலும் போகாது. வாங்கும் முன் தயவுசெய்து கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

விதை போடுவது இன்னும் நல்லது. நவம்பரில் தூவி மண்ணோடு அழுத்திவிட்டால் போதும். குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும். வளர்ந்த செடியும் பனிக்காலத்தில் தரைமட்டமாகக் காய்ந்துவிடும், வசந்தத்தில் மற்றச் செடிகளெல்லாம் வந்த பிறகுதான் தலைகாட்டும். செத்துவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். அப்புறம், மஞ்சள் அசுவினி வந்தால் முட்டை, புழு இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சுங்கள், மருந்து வேண்டாம். செடியின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொனார்க்கைப் பாதுகாக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறையே முன்மொழிந்தது. நிலைமை அப்படி இருக்கிறது. போன செப்டம்பரில் எங்கள் மூலையிலிருந்து 11 மொனார்க்குகள் கிளம்பின. மெக்சிகோ மலைக்காடு வரை போக வேண்டியவை.

அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இந்தச் செடியைப் பற்றி எழுதுங்கள். இந்த வருடக் காய்களிலிருந்து விதை எடுத்துக் காயவைத்திருக்கிறேன். கேட்கும் வாசகர்களுக்கு உங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நியூ ஜெர்சி