வெர்னன் வின்ஸ்லோவின் பெயரை எப்போது சேர்ப்பீர்கள்?

ராக் இசைக்குப் பங்களித்தவர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நான் இசைக்கலைஞன் அல்ல, ஆய்வாளனும் அல்ல. 1950களின் அமெரிக்கப் பாட்டுகளைப் பல வருடமாக விடாமல் கேட்டு வருகிறவன். கேட்கக் கேட்க, இதையெல்லாம் முதன்முதலில் வானொலியில் போட்டது யார் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் ஒருவருடைய கதையைத் தாண்டிப் போகவே என்னால் முடியவில்லை. அவர் பெயர் உங்கள் கௌரவப் பட்டியலில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

வெர்னன் வின்ஸ்லோ, நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்த கருப்பின ஆசிரியர். 1940களின் பிற்பகுதியில் டபிள்யூ.ஜே.எம்.ஆர். நிலையத்துக்கு வேலை கேட்டுப் போனார். கருப்பின மக்கள் விரும்பிக் கேட்கும் இசைத்தட்டுகளைப் போடும் நிகழ்ச்சியை நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. நிலையத்தாருக்கு அவருடைய யோசனை பிடித்திருந்தது, பேச்சும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கருப்பினத்தவரை மைக் முன்னால் உட்கார வைக்க அவர்களுக்கு மனமில்லை. அதனால் 'பாப்பா ஸ்டாப்பா' என்று ஒரு பாத்திரம் பிறந்தது. அதற்கு வசனம் எழுதியவர் வின்ஸ்லோ. தெருவில் புழங்கும் சொற்களை எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று வெள்ளை அறிவிப்பாளருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. ஒலிபரப்பில் மட்டும் அவர் குரல் வரக் கூடாது.

ஒருமுறை அவரே மைக்கில் பேசிவிட்டார். அதோடு வேலை போனது. அவர் உருவாக்கிய பெயர் நிலையத்திடமே தங்கிவிட்டது. அவர் போன பிறகும் வெள்ளை அறிவிப்பாளர்கள் அந்தப் பெயரிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கருப்பினக் கலைஞர்களின் பாட்டை வெள்ளைப் பாடகர்கள் மறுபதிவு செய்து காசு பார்த்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பேச்சும் அப்படித்தான் கைமாறியது. அதைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பதிவான பாட்டுக்குத் தட்டு மிஞ்சும், உரிமைத் தொகை என்று ஒன்று இருக்கும், பின்னாளில் வழக்காவது போடலாம். அன்றாடம் நேரலையில் பேசிய பேச்சு காற்றோடு போய்விட்டது. அதனால் அதைப் பேசியவர்களையும் எழுதியவர்களையும் நினைவில் வைக்கும் பொறுப்பு உங்களைப் போன்ற அமைப்பின் மேல் கூடுதலாகவே விழுகிறது.

வானொலியில் இசைத்தட்டுப் போட்டுப் பேசும் டிஸ்க் ஜாக்கிகளை நீங்கள் மதிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1986இல், முதல் பட்டியலிலேயே ஆலன் ஃப்ரீடைச் சேர்த்தீர்கள். 1993இல் டிக் கிளார்க், 1996இல் டாம் டொனஹ்யூ. மூவரும் தகுதியானவர்கள்தான். ஃப்ரீட் மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு. 1951இல் உங்கள் ஊரின் டபிள்யூ.ஜே.டபிள்யூ. நிலையத்தில் உட்கார்ந்து, இசைத்தட்டுக் கடைக்காரர் லியோ மின்ட்ஸின் ஆதரவோடு இரவெல்லாம் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கருப்பின மக்களின் இசையைப் போட்டவர். வெள்ளைப் பாடகரின் மறுபதிவு கைவசம் இருந்தாலும் கருப்பினக் கலைஞரின் அசல் தட்டைத்தான் போடுவேன் என்று நின்றவர். 1952 மார்ச் 21 அன்று அவர் கிளீவ்லாந்து அரீனாவில் நடத்திய நடன விழாவுக்குக் கொள்ளளவைவிடப் பல ஆயிரம் பேர் கூடுதலாக வந்து, கதவுகள் உடைந்து, நிகழ்ச்சி தொடங்கிய வேகத்தில் நின்றுபோனது. வந்தவர்களில் பெரும்பாலோர் கருப்பின இளைஞர்கள். இந்த இசைக்கு ஏற்கெனவே எவ்வளவு பெரிய கூட்டம் காத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த இரவே சாட்சி.

அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது யார்? ஃப்ரீட் கிளீவ்லாந்தில் அந்த நிகழ்ச்சியைத் தொடங்குவதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் முன்பே, 1948 அக்டோபரில், மெம்ஃபிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையத்தில் நாட் டி. வில்லியம்ஸ் பேசத் தொடங்கிவிட்டார். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம், சாயங்காலம் நான்கு மணிக்கு வானொலி. வெள்ளையர் இருவருக்குச் சொந்தமான அந்த நிலையம் அப்போது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வில்லியம்ஸ் பேசியதும் மிரட்டல்கள் வந்தன. கூடவே கேட்பவர்களும் வந்தார்கள், விளம்பரமும் வந்தது. அடுத்த வருடத்துக்குள் முழு நேரமும் கருப்பின மக்களுக்கான நிகழ்ச்சிகள் என்று நிலையமே மாறியது. 1954இல் அதன் சக்தி 50,000 வாட் ஆனது. உங்கள் பட்டியலில் உள்ள பி.பி. கிங், பாடகராகப் பேர் வாங்குவதற்கு முன் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர். வில்லியம்ஸிடம் பள்ளியில் படித்த பாடகர் ரூஃபஸ் தாமஸும் அங்கேதான் தட்டுப் போட்டார். வானொலி வேலையோடு துணி ஆலை வேலையையும் விடாமல் பார்த்தவர் அவர்!

டெக்சஸின் ஆஸ்டினில் 1948இலேயே கே.வி.ஈ.டி. நிலையத்தில் 'டாக்டர் ஹெப்கேட்' என்ற பெயரில் எதுகை மோனையோடு பேசிக் கலக்கிய லவாடா டர்ஸ்டையும் இங்கே சொல்ல வேண்டும்.

இவர்கள் பாடவில்லை, வாசிக்கவில்லை, தட்டைச் சுழற்றிவிட்டுப் பேசினார்கள், அவ்வளவுதானே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். அந்தக் காலத்துச் சூழலை யோசித்துப் பாருங்கள். தொலைக்காட்சி வந்ததும் பெரிய நாடகங்களும் நட்சத்திரங்களும் அங்கே போய்விட்டார்கள். வானொலி நிலையங்களுக்கு மலிவாக நேரத்தை நிரப்ப இசைத்தட்டை விட்டால் வேறு வழியில்லை. சின்னச் சின்ன நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகளுக்கோ விளம்பரம் செய்யப் பணமில்லை. எந்தத் தட்டு ஊருக்குக் கேட்க வேண்டும் என்பது அறிவிப்பாளரின் கையில் இருந்தது. அதே அதிகாரம்தான் பின்னால், தட்டைப் போடுவதற்குப் பணம் வாங்கும் லஞ்சத்துக்கும் வாசல் திறந்தது. 1959இல் ஃப்ரீடின் வேலை போனது, 1962இல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர் 300 டாலர் அபராதம் கட்டினார், 1965இல், 43 வயதில் இறந்தும் போனார். அந்தக் கறையைப் பார்க்காமல் அவர் செய்த வேலையைப் பார்த்து அவரைச் சேர்த்தீர்களே, அது பெரிய மனது.

இன்னொரு சம்பவம். 1954 ஜூலையில் மெம்ஃபிஸில் டூயி ஃபிலிப்ஸ் என்ற வெள்ளை அறிவிப்பாளர், எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டை ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். அப்புறம் எல்விஸையே நிலையத்துக்கு வரவழைத்து, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹியூம்ஸ் என்றார் எல்விஸ். அது வெள்ளையர் மட்டும் படித்த பள்ளி. கேட்டுக்கொண்டிருந்த பலர் அந்த நொடி வரை அவரைக் கருப்பினத்தவர் என்றே நினைத்திருந்தார்கள். வானொலியில் முகம் தெரியாது என்பது எல்விஸுக்குக் கதவைத் திறந்தது. வின்ஸ்லோ விஷயத்தில் அதே வசதியை வைத்து அவரைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, நான் கேட்பது என்ன? இசை நிகழ்த்தாதவர்களுக்கு அஹ்மெட் எர்டெகன் பெயரில் ஒரு விருதுப் பிரிவு வைத்திருக்கிறீர்கள். அதில் வின்ஸ்லோ, வில்லியம்ஸ், டர்ஸ்ட் என்ற இந்த மூன்று பெயர்களையும் பரிசீலியுங்கள். மூவரையும் ஒரே வருடத்தில் சேர்க்க முடியாது என்றால் வின்ஸ்லோவில் தொடங்குங்கள். வேலை பறிபோனதோடு அவர் ஒடுங்கிவிடவில்லை. 1949இல் ஜாக்ஸ் பீர் நிறுவனத்தின் ஆதரவில் 'டாக்டர் டாடி-ஓ' என்ற பெயரில், இந்த முறை தன் சொந்தக் குரலில், அதே ஊரில் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

அவருக்கான குறிப்பை எழுதும்போது அந்தப் புனைபெயரோடு நிறுத்திவிடாதீர்கள். வெர்னன் வின்ஸ்லோ என்று முழுப் பெயரையும் போடுங்கள். பாப்பா ஸ்டாப்பாவுக்கு வசனம் எழுதியவர், அவரைப் பேசப் பழக்கியவர் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
தொலைதூரத்திலிருந்து ஒரு வானொலி ரசிகன்