கர்ப்பப்பையா, கர்ப்பப்பை வாயா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தழும்பில்லாத ஆபரேஷன் பற்றி வந்த கட்டுரையில், ‘கர்ப்பப்பைப் புற்றுநோய்’ என்று ஒரே பெயரில் இரண்டு நோய்களைப் போட்டுக் குழப்பி, எல்லாவற்றுக்கும் வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியே நல்லது என்று முடித்துவிட்டீர்கள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இரண்டுமே ‘கர்ப்பப்பை கேன்சர்’தான். ஆனால் கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது வேறு, அதன் வாயில் வருவது வேறு. என் நாத்தனாருக்கு மாதவிடாய் நின்று ஆறு வருஷம் கழித்து ரத்தம் பட்டது. உள்சுவர்ப் புற்று, ஆரம்பக் கட்டம். நாலைந்து சின்ன ஓட்டை போட்டுக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, பத்தாம் நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சரி, இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2,616 பெண்களிடம் நடந்த ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்தாலும் ஓட்டை போட்டுச் செய்தாலும், ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 89.8 சதவீதம். (லேப்ராஸ்கோப்பியில் தொடங்கியவர்களில் கால்வாசிப் பேருக்கு நடுவில் வயிற்றைத் திறக்கவும் வேண்டிவந்தது. அப்படி நேர்ந்தால் டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.)

அப்புறம், பண்ருட்டியில் இருக்கும் என் சித்தி மகள். அவளுக்கு வந்தது கர்ப்பப்பை வாயில். புதுச்சேரியில் பார்த்த டாக்டரம்மா, வயிற்றைத் திறந்துதான் செய்வேன் என்றார். அவள் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். “காசு இருந்தா ஓட்டை, இல்லாதவனுக்குக் கத்தி” என்று வேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் வைத்து நான்தான் மறித்தேன்.

2018-இல் வெளிவந்த எல்.ஏ.சி.சி. ஆய்வு, ஆரம்பக் கட்டக் கர்ப்பப்பை வாய்ப் புற்று உள்ள 631 பெண்களைப் பற்றியது. இரண்டு முறையும் சமமாகத்தான் வரும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார்கள். நாலரை ஆண்டில் நோய் இல்லாமல் இருந்தவர்கள், திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம். துளை வழியே, ரோபோ உட்பட, செய்தவர்களில் 86 தான். இறப்பும் அந்தப் பக்கமே அதிகம். திட்டமிட்டபடி முழுதும் சேர்க்கும் முன்பே ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கர்ப்பப்பையை அசைக்க உள்ளே விடும் கருவி கட்டியை நசுக்குகிறதோ, வயிற்றில் நிரப்பும் வாயு செல்களைச் சிதறடிக்கிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

சித்தி மகளுக்குத் தொப்புளுக்குக் கீழே நீளமான தையல். மூத்திரக் குழாயோடுதான் வீட்டுக்கு வந்தாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்வாள். கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது, நன்றாக இருக்கிறாள். போன வாரம் உங்கள் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “அக்கா, அப்போ எனக்குத் தப்பாப் பண்ணிட்டாங்களா?” என்று கேட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அவளைப் போல் படித்த மற்றவர்களுக்கு அடுத்த இதழில் நீங்கள் சொல்லுங்கள்.

- ஓய்வுபெற்ற செவிலியர், மஞ்சக்குப்பம், கடலூர்.