நாலு கோடு நோட்டுக்கு முன் நாலு உழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறக்கும் நாள் நெருங்குகிறது. எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைக்கு வாங்கச் சொல்லித் தரும் பட்டியலைப் பாருங்கள்: நாலு கோடு நோட்டு, இரட்டைக் கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, ஒர்க் புக், பென்சில் டப்பா. எல்லாமே எழுதுவதற்கான சாமான்கள். அங்கன்வாடிக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாக்களும் முதலில் கேட்பது, "டீச்சர், எப்ப எழுத ஆரம்பிப்பான்?" என்றுதான். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் எழுத வேண்டிய கை அந்த வயதில் தயாராக இருப்பதில்லை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகத்தான் இறுகுகின்றன. ஐந்து வயதிலும் அந்த வேலை முடிந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை அதை முஷ்டியால் பிடித்து, தோளிலிருந்து எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் மூன்றாம் வகுப்பு வரை மாற்ற முடியாமல் ஆசிரியர்கள் திண்டாடுகிறார்கள்.

இதற்கு மாற்று கையால் செய்து கற்பதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் நடப்பது வேறு. டீச்சர் முன்னால் ஒரு அண்டாவில் தண்ணீர் வைத்து, எலுமிச்சம்பழம் மிதக்கிறது, கல் மூழ்குகிறது என்று காட்டுகிறார். 25 பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அது வேடிக்கை பார்ப்பது. எந்த நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாலும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும். அப்போதுதான் அது செய்முறை.

அதற்குக் கணக்கு எளிது. 25 பேர் என்றால் ஐந்து வேலைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து பேர், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றம். வகுப்பில் பெரியவர்கள் இருவர்தான், டீச்சரும் ஆயாம்மாவும். ஆகவே பக்கத்தில் ஆள் இருந்தே தீர வேண்டிய தண்ணீர், களிமண் போன்றவை இரண்டுக்கு மேல் கூடாது. மற்ற மூன்றும் பிள்ளை தானே செய்து, தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஐந்தையும் முதல் நாளே தொடங்கும் வகுப்பு அரை மணியில் சந்தைக்கடை ஆகிவிடும். நாளுக்கு ஒன்று அறிமுகப்படுத்தினால் ஒரு வாரத்தில் ஐந்தும் பழகிவிடும். பிள்ளைக்கு ஒரு துண்டுப் பாய் கொடுங்கள். இரண்டடிக்கு மூன்றடி போதும். அவரவர் வேலை அவரவர் பாய்க்குள். கோரைப் பாயை வெட்டினால் ஓரம் பிரிந்துவரும். பழைய துணியை மடித்து விளிம்பில் தைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாக நாங்கள் சொல்வது தானியம் அளக்கும் படியும் உழக்கும். மதுரைப் பாத்திரக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. ஒரு படிக்கு நாலு உழக்கு, ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. சோளத்தை அள்ளி, உழக்கை நிரப்பி, படியில் கொட்டி எண்ணுகிற பிள்ளைக்கு எண்ணிக்கையும் கொள்ளளவும் மணிக்கட்டுத் திருப்பமும் ஒரே நேரத்தில் வருகின்றன. சோளம் நல்லது, கேழ்வரகு பொடிசாக இருப்பதால் பாயின் இடுக்கில் போய்விடும், அரிசி என்றால் வாயில் போடும். கீழே ஒரு சொளகு வைத்தால் சிந்தியதைப் பிள்ளையே கூட்டி எடுக்கும். இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, ஒரு பிள்ளை கோபுரமாகக் குவித்து அளக்கும், இன்னொன்று குறைத்து அளக்கும். நாலு உழக்கு என்று வர வேண்டிய கணக்கு மூன்றரை, நாலரை என்று போகும். தலையைத் தட்டையான குச்சியால் வழித்துவிடக் கற்றுக்கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். சோளம் கைக்கு வந்த பிறகு, இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர். விளிம்பு மடிந்த சிறிய டம்ளரில் பாதியளவுதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, சிந்திவிட்டாயே என்று திட்டினால் அந்தப் பிள்ளை மறுநாள் அந்தப் பாய்ப் பக்கமே வராது. துடைக்கும் துணியையும் தட்டிலேயே வையுங்கள், துடைப்பதும் பாடம்தான்.

அடுத்தது முளைப்பாரி. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அம்மன் கோவில் திருவிழாவில் அம்மாவும் அத்தையும் முளைவிட்ட பயறுச் சட்டியைத் தலையில் தூக்கிப் போவதைப் பார்த்தவர்கள். இதைவிடப் பொருத்தமான அறிவியல் பாடம் இந்த வட்டாரத்துக்குக் கிடையாது. ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை வேண்டும், கண் உள்ள பாதியாக. மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். டீச்சர் அதைக் குத்தித் திறந்துவிட்டால் தண்ணீர் வடிய வழி ஆயிற்று. தட்டாம்பயறு அல்லது பாசிப்பயறு, சிரட்டைக்கு ஐந்து. மளிகைக் கடையில் வாங்குங்கள். விதைக் கடையில் வாங்கவே கூடாது, அங்கே விதைநேர்த்தி செய்து மருந்து தடவி, நிறம் சேர்த்து விற்கிறார்கள். உடைத்த பருப்பு முளைக்காது என்று நமக்குத் தெரியும். ஆனால் அதையும் ஒரு சிரட்டையில் போட்டு, ஏன் முளைக்கவில்லை என்று பிள்ளைகளையே பார்க்க விடலாம்.

திங்கள் மாலை ஊறப் போட்டால் செவ்வாய் காலை தண்ணீரை வடித்து ஈரத் துணியில் கட்டலாம். புதன் காலை முளை வால் விட்டிருக்கும். ஊறாத பயறையும் ஊறிய பயறையும் முளை விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் நழுவி வரும், உள்ளே இரண்டு பருப்புக்கு நடுவே குட்டி இலை மடிந்து கிடக்கும். பிள்ளை அதைப் பார்க்கும் வரை அவசரப்படுத்தாதீர்கள். பிறகு சிரட்டையில் சலித்த மண்ணை முக்கால் வரை நிரப்பி, விரல் நகம் புதையும் ஆழத்தில் ஊன்றி மூடினால் போதும். ஆழமாகப் புதைத்தால் பாசிப்பயறு மேலே வரத் திணறும். காலையில் இரண்டு ஸ்பூன் தண்ணீர், கோடையில் மாலையில் இன்னும் ஒன்று. பத்தில் ஒன்பது சிரட்டை கெடுவது தண்ணீர் குறைந்து அல்ல, ஆசையில் ஊற்றி ஊற்றி அழுகித்தான். சனி, ஞாயிறு விடுமுறைக்கு வெள்ளி மாலையே ஒரு தட்டில் நனைத்த சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் சிரட்டைகளை வைத்துவிடுங்கள். கண் வழியாக ஈரம் ஏறும்.

ஆளுக்கு இரண்டு என்றது இதற்காகத்தான்: ஒன்று சன்னலோரத்தில், இன்னொன்று கவிழ்த்த மண்பானைக்கு அடியில். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தால் நம் வெயிலுக்கு உள்ளே வெந்துவிடும். அடுத்த வாரம் திறந்து பார்த்தால் சன்னலோரத்துச் செடி குட்டையாகப் பச்சையாக இருக்கும். பானைக்கடியில் இருந்தது வெளுத்த மஞ்சளில் நெட்டையாக நிற்கும். முளைப்பாரி வைக்கும் வீட்டை இருட்டாக மூடி வைப்பது இதற்காகத்தான் என்று அப்போது பிள்ளைக்கே விளங்கும். தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு கம்பளி நூலைக் கத்தரித்துச் சார்ட்டில் ஒட்டச் சொல்லுங்கள். அடியில் ஒரு நேர்கோடு போட்டு, நூலின் ஒரு முனை அதில் தொட வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நூல்கள் மேலும் கீழுமாக ஒட்டப்பட்டு எது நீளம் என்றே தெரியாது. "எது நல்லா வளர்ந்திருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் நெட்டையைக் காட்டுவார்கள். திருத்தாதீர்கள். இரண்டையும் வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் செடிகள் ஓரிரு நாளில் பச்சை பிடிக்கும், ஆனால் பல தலை சாய்ந்து படுத்துவிடும். விதைக்குள் இருந்த சாப்பாட்டையெல்லாம் வெளிச்சத்தைத் தேடி நீளுவதிலேயே செலவழித்துவிட்டதால் தண்டில் பலமில்லை. அதைப் பார்த்துப் பிள்ளை தானே பதிலை மாற்றும்.

களிமண்ணுக்கு மதுரைக்காரர்கள் பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் பிளாஸ்டிக் டப்பா மாவு வாங்குவது வருத்தமாக இருக்கிறது. கரம்பையை, அதாவது கண்மாயில் படியும் வண்டல் களிமண்ணை, தனியாகப் பிசைந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மூன்று பங்கு கரம்பைக்கு ஒரு பங்கு சலித்த பொடி மணல் சேர்க்க வேண்டும். மணல் சேர்ப்பதற்கு முன் கரம்பையை இரண்டு நாள் ஊற வைத்துக் கரைத்து, கொசுவலைத் துணியில் வடித்துவிடுங்கள். முள், நத்தை ஓடு, கண்ணாடிச் சில் எல்லாம் தங்கிவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சப்பாத்தி மாவுப் பதம் வரும் வரை நிழலில் ஆறவிட வேண்டும். சாக்கடை கலக்கும் கண்மாயில் எடுக்கவே கூடாது. பிள்ளைக்கு ஒரு சாத்துக்குடி அளவு. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் சேறாகும்; ஈரத்துணி ஒன்று போதும். அச்சுகளைக் கொடுக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து: அச்சு கொடுத்தால் கை அழுத்துவதோடு நின்றுவிடும், உருட்டுவது, கிள்ளுவது, திரிப்பது எதுவும் நடக்காது. உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அதே மண்ணைக் கிண்ணமாகக் குழித்துப் போட்டால் மிதக்கும். மிதப்பது, மூழ்குவது என்று மனப்பாடம் செய்யும் பட்டியலைவிட இது ஒன்றே பெரிது.

களிமண் கிடைக்காத இடத்தில் மைதா இரண்டு டம்ளர், பொடி உப்பு ஒரு டம்ளர், எண்ணெய் இரண்டு ஸ்பூன், வெந்நீர் முக்கால் டம்ளர் அளவு, கொஞ்சம் கொஞ்சமாக. ஐப்பசி மழையில் உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அப்போது ஒரு கை மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். உப்பு மிகுந்த மாவு என்பதால் வாயில் போட விடக் கூடாது.

எண்ணுவதற்கு 30 குழி முட்டைத் தட்டு புதிதாக ஒன்று வாங்கி, இரண்டு வரிசையில் ஐந்தைந்து குழியாக வெட்டினால் மூன்று பேருக்கு ஆகும். பத்துக் குழிக்குப் பத்தே புளியமுத்து கொடுங்கள், ஒன்று கூடக் கூடாது. குழி மிஞ்சினாலோ முத்து மிஞ்சினாலோ பிள்ளைக்கே தப்பு தெரிந்துவிடும், டீச்சர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பல்லாங்குழிக்கு ஐந்து வயது ஆகட்டும். சில்லு விளையாட்டையும் விட்டுவிடாதீர்கள். உடைந்த மண்பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்தால் போதும். கீழடியிலும் அதே மாதிரி வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன.

எழுத்துக்கு உப்புத்தாள். 120 நம்பர் போதும். அதைவிடக் கரடாக இருந்தால் விரல் எரியும். உள்ளங்கை அகலத்துக்கு எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துத் தடவச் சொல்லுங்கள். ட, ப, ம முதலில், பெரும்பாலும் நேர்கோடுகள். அ, இ பிறகு. எங்கே தொடங்குவது என்று ஒரு சிவப்புப் புள்ளி வைக்காவிட்டால் பிள்ளை கீழிருந்து மேலே போகும்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எண்ணுவதற்குக் கொடுக்கிறார்கள். அதன் தோல் கடிபட்டு உடைந்தால் உள்ளே இருப்பது கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. வேலியில் நிற்கும் காட்டாமணக்குக் காயைக் கடலை என்று நினைத்துத் தின்னும் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. பூக் கோக்கும் வேலைக்குக் கோவில் மாலைக்கென்று வாங்கும் அரளியைக் கொண்டுவருகிறார்கள். பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். சம்பங்கியோ செவ்வந்தியோ போதும். நூல் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும். முனையை உருக்கிய மெழுகில் டீச்சர் முன்கூட்டியே தோய்த்து வைத்தால் ஊசியே தேவையில்லை. பப்பாளிக் காம்பை வெட்டி மணியாகக் கோப்பதாக இருந்தால் பால் வடிந்து, கழுவி, ஒரு நாள் காய்ந்த பிறகே கொடுக்க வேண்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரியும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை கூட வரும் மையங்களில் புளியமுத்தையும் மேலே எடுத்து வைத்துவிட வேண்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பள்ளி நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது, பட்டியலில் இரண்டு நோட்டைக் குறைத்து அந்தப் பணத்துக்கு வகுப்புக்கு ஐந்து படி, இருபது உழக்கு வாங்குங்கள் என்பதுதான். தங்களிடம் கேட்பது, கடிதம் முழுவதற்கும் இடமில்லாவிட்டால் குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, அரளி பற்றிய அந்த ஒரு பத்தியையாவது பள்ளி திறப்பதற்குள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மழலையர் கல்விப் பயிற்றுநர்கள் சிலர்,
திருப்பரங்குன்றம், மதுரை.