எந்த வருடத்துப் பீப்பாய், அப்பா?

அடிலெய்டு
கார்த்திகை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது என்று தம்பி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீங்கள் வரும் மார்ச் மாதம் இங்கே திராட்சை வெட்டும் காலம். ஒரு சனிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். பரோசா பள்ளத்தாக்குக்குப் போகிறோம். வீட்டிலிருந்து 70 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம்.

"ஒயின் காய்ச்சுகிற ஊருக்கா?" என்று அம்மா முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. உங்களைக் கூட்டிப்போவது கொடி பார்க்க என்று சொல்லிவையுங்கள். மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டுகிறார், ஒரு சொட்டுத் தொடமாட்டார். இரத்தத்தில் 0.05 சதவீதத்தை எட்டினாலே இங்கே போலீஸ் பிடித்துவிடும். ருசி பார்க்கிற இடங்களில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது மரியாதைக் குறைவும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் உடன் வேலை பார்ப்பவர்களோடு ஒரு சுற்றுலாப் பஸ்ஸில் அங்கே போய்ப் பட்ட பாடு போதும். ஒரே நாளில் ஆறு இடம். நான்காவது இடத்தில் எல்லாம் ஒரே புளிப்பாகத் தெரிந்தது. மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு, அதுவும் காய்ந்த ரொட்டி. ஒரு கொடியையாவது கிட்டப் போய்ப் பார்க்க நேரம் கொடுத்தார்களா என்றால், இல்லை. அதனால் இந்த முறை நிதானமாகப் போகலாம்.

காலையில் ஆங்காஸ்டன் என்ற ஊரின் சனிக்கிழமைச் சந்தை. நம் உழவர் சந்தை மாதிரிதான், விளைவித்தவர்களே விற்பார்கள். 1842 முதல் ஜெர்மன்காரர்கள் வந்து குடியேறிய பகுதி இது. அதனால் ஊறவைத்த வெள்ளரிக்காய், புகைபோட்ட இறைச்சி, ஈஸ்ட் போட்டு உப்பவைத்த கேக் எல்லாம் அவர்கள் கைப்பக்குவம். அம்மாவுக்குச் சனிக்கிழமை கவுச்சி ஆகாது என்பது நினைவிருக்கிறது. பக்கத்தில் டனுண்டா என்ற ஊரில் 1924 முதல் விறகு அடுப்பில் ரொட்டி சுடும் ஒரு கடை இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்ளலாம். இருந்தாலும் புளியோதரையும் கட்டிக்கொண்டுதான் போவேன்.

அதே டனுண்டாவில் லாங்மீல் என்ற தோட்டம். அங்கே 1843இல் நட்ட ஷிராஸ் என்ற ஒயின் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. நம் தோட்டத்தில் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டு, அண்ணாந்து பார்த்துக் கொத்து வெட்டுகிறோம். இங்கே பந்தலே கிடையாது. கொடி இடுப்பளவுதான். வயதான கொடிகளின் அடிப்பகுதி முறுக்கிப் பருத்து, குட்டை மரம் போல நிற்கிறது. வருடத்துக்கு ஒரே வெட்டு. குளிர்காலத்தில் இலை முழுதும் கொட்டிச் செத்ததுபோல் கிடந்து, கவாத்துக்குப் பிறகு துளிர்க்கும். இரண்டு மூன்று வெட்டு எடுக்கும் நீங்கள் இவர்களைச் சோம்பேறிகள் என்பீர்கள்.

இத்தனை வயதுக் கொடி பிழைத்துக் கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபிலாக்செரா என்று அசுவினி இனத்துப் பூச்சி ஒன்று, வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களைச் சூறையாடியது அதுதான். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது வரவே இல்லை. 1899இலேயே அதற்கென்று சட்டம் போட்டுக் காவல் காத்திருக்கிறார்கள். ஆகவே அப்பா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையில், மகள் வீட்டில் நட ஒரு குச்சி என்று பெட்டிக்குள் எதையும் ஒளித்து எடுத்துவராதீர்கள். விமான நிலையத்திலேயே மானம் போய்விடும். தோட்டத்து மண் ஒட்டிய செருப்பும் வேண்டாம்.

மதியம் நூரியூட்பாவில், மேகி பியர் என்ற சமையல் வல்லுநர் தொடங்கிய பண்ணைக் கடை. குளத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். பழுக்காத திராட்சையைப் பிழிந்த புளிப்புச் சாறு அவர் கைவண்ணம். 1984இல் செய்யத் தொடங்கினாராம். நான் ஒரு தடவை புளிக்குப் பதில் ரசத்தில் ஊற்றிப் பார்த்தேன், மோசமில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம்.

சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, கடைசியாக செப்பல்ட்ஸ்ஃபீல்டு என்ற பழைய ஒயின் ஆலை. வழிநெடுக, 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையாட்களைக் கைவிடக்கூடாது என்று நட வைத்த பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். இங்கே 1878இல் ஒரு பீப்பாய் இனிப்பு ஒயினை எடுத்து, நூறு வருடம் யாரும் தொடக்கூடாது என்று வைத்தார்கள். அடுத்த வருடம் இன்னொன்று. இன்றுவரை ஒரு வருடம்கூட விடவில்லை. 1978இல்தான் முதல் பீப்பாய் விற்பனைக்கு வந்தது. வைத்தவர் எவரும் ருசி பார்த்திருக்க முடியாது, பாருங்கள். முன்பதிவு செய்தால், நாம் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தருவார்கள். பழைய சரக்கு வெல்லப்பாகுபோலக் கறுத்துக் கெட்டியாக இருக்குமாம். நீங்கள் குடிக்கவேண்டாம், முகர்ந்து பார்த்தால் போதும்.

இங்கேதான் ஒரு சிக்கல். முன்பதிவுக்கு வருடம் கேட்கிறார்கள். உங்கள் பள்ளிச் சான்றிதழில் 1955. ஆனால் வைகை அணை வேலைக்குத் தாத்தா போய்க்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் பிறந்தீர்கள், பள்ளியில் சேர்க்க வாத்தியார் இரண்டு வயது கூட்டிப் போட்டார் என்று அப்பத்தா சொல்வாரே. அப்படியானால் 1957. வேறொருவர் வருடத்துப் பீப்பாயை உங்களுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. சின்னமனூர் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டு, இந்த வாரமே தம்பியிடம் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்